அமெரிக்கா முடிவை மாத்தினா சேலத்துக்கு என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் செவ்வாய்பேட்டைல சின்ன வியாபாரிகளுக்கு கணக்கு எழுதுறவன். ஏற்காட்டுல நாகலூர் பக்கம் அப்பா காலத்துல இருந்து ரெண்டு ஏக்கர் காபித் தோட்டமும் இருக்கு. வெள்ளிப் பட்டறைக்காரர், துணி ஏத்துமதி பண்றவர், தோட்டத்துக்காரங்க, பிள்ளைய வெளிநாட்டுக்கு அனுப்பினவங்கன்னு இந்த வருஷம் பூரா பல பேரு ஒரே சந்தேகத்தை வேற வேற வார்த்தைல கேட்டுட்டே இருந்தாங்க, அதான் அவங்க கேட்ட மாதிரியே எழுதி பதிலும் போட்டு வச்சிருக்கேன். எழுதறது 2025 டிசம்பர்ல. வரி விகிதமெல்லாம் மாசத்துக்கு மாசம் மாறுது, அதனால நம்பரை நீங்க படிக்கிற அன்னைக்கு ஒருதரம் சரிபார்த்துக்கோங்க.

அமெரிக்காக்காரன் கொள்கைய மாத்தினா மாத்திட்டு போறான், எனக்கு என்னங்க அதுல?

உங்க பட்டறை வெள்ளி, வண்டிக்கு ஊத்துற டீசல், பையனோட விசா, தோட்டத்துக் காபி, இந்த நாலுக்கும் விலையோ விதியோ ஓரளவு அங்கதான் முடிவாகுது, அதான் விஷயம். வெளியுறவுக் கொள்கைன்னா ரெண்டு தலைவருங்க கை குலுக்குறது மட்டும் இல்லீங்க. யார் சரக்குக்கு எவ்வளவு வரி, யார்கிட்ட எண்ணெய் வாங்கினா தண்டனை, எந்த நாட்டுக்கு உதவி, எந்த ஒப்பந்தத்துல இருக்கறது எதுல இருந்து வெளிய வர்றது, எல்லாம் சேர்ந்ததுதான்.

பெரிய நாடு எதுவா இருந்தாலும் இப்படித்தான். 2025 ஏப்ரல்ல சீனா மோட்டாருக்கு வேணும்கிற அரிய கனிமக் காந்தத்துக்கு ஏத்துமதிக் கட்டுப்பாடு போட்டதும் இந்தியாவுல பைக், கார் கம்பெனிங்க காந்தத்துக்கு அலைய வேண்டியதா போச்சு. ஆனா அமெரிக்கா கணக்கே தனி, ஏன்னா உலக வியாபாரத்துல பெரும்பங்கு அவங்க டாலர்லதான் நடக்குது.

இதெல்லாம் டிரம்ப் வந்த பிறகு வந்த தலைவலிதானே? முன்னாடி நம்ம ஊருக்கு என்ன சம்பந்தம்?

ரொம்ப முன்னாடியே இருக்குங்க. சேலம் ஜவ்வரிசியவே எடுத்துக்கோங்க. இரண்டாம் உலகப் போருக்கு முன்ன ஜவ்வரிசி மலாயா பக்கத்துல இருந்து கப்பல்ல வந்துட்டிருந்துச்சு. 1942-ல ஜப்பான்காரன் மலாயாவ பிடிச்சதும் வரத்து நின்னு போச்சு, அப்பதான் நம்ம ஊர்ல மரவள்ளிக் கிழங்கை அரைச்சு நாமே செய்ய ஆரம்பிச்சாங்க. இன்னைக்கு ஆத்தூர் பக்கம் போனா ரோட்டோரம் களத்துல மாவு காயுதே, அதோட ஆரம்பம் ரெண்டு பெரிய நாட்டு சண்டைல இருக்கு. கெட்டது மட்டும்தான் வரும்னு இல்ல, ஆனா நம்மள கேட்டுட்டு எதுவும் வர்றதில்ல.

இன்னொன்னு கோதுமை. 1954-ல அமெரிக்கா போட்ட பிஎல்-480ங்கிற உணவு உதவிச் சட்டத்துல நமக்கு கோதுமை வந்துச்சு. 1965, 66 ரெண்டு வருஷமும் மழை பொய்ச்சு நாடே தவிச்சப்ப ஜனாதிபதி ஜான்சன் மொத்தமா அனுப்பாம மாசத்துக்கு இவ்வளவுன்னு அளந்து அளந்து விட்டார். விவசாயக் கொள்கைய மாத்துங்கன்னு ஒரு அழுத்தம், வியட்நாம் போரை இந்தியா கண்டிச்சதுல ஒரு கோவம். 1966 ஜூன்ல ரூபாய் மதிப்பும் டாலருக்கு 4.76-ல இருந்து 7.50-க்கு இறங்குச்சு. எங்க பாட்டி அந்தக் காலத்த பேசினா ரேஷன் வரிசையத்தான் முதல்ல சொல்வாங்க. அந்த அவமானத்துலதான் நம்ம சி. சுப்பிரமணியம் விவசாய மந்திரியா இருந்து 18,000 டன் மெக்சிகோ கோதுமை விதைய இறக்கினார், பசுமைப் புரட்சி வந்துச்சு.

இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டாங்களே, அந்தப் பணத்தை இந்தியாதானே கட்டணும்?

இல்லீங்க. அங்க சரக்கை இறக்குற அமெரிக்க வியாபாரிதான் அவங்க கஸ்டம்ஸ்ல கட்டணும். 2025 கணக்குப்படி 100 டாலர் மேஜை விரிப்பு போச்சுன்னா ஏற்கனவே இருந்த வரிக்கு மேல இன்னும் 50 டாலர் அவர் எடுத்து வைக்கணும். அவர் என்ன பண்ணுவார், கொஞ்சம் கடை விலைய ஏத்துவார், கொஞ்சம் லாபத்துல விடுவார், மீதிய "நீ குறைச்சுக் குடு"ன்னு நம்ம தலைல வைப்பார். அந்த மூணாவது பங்குதான் இங்க வலிக்குது.

2025 ஆகஸ்ட் 7-ல 25 சதவீதம், ரஷ்ய எண்ணெய் வாங்கினதுக்கு தண்டனைன்னு ஆகஸ்ட் 27-ல இன்னொரு 25. அதே சமயம் வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் 20, பாகிஸ்தானுக்கு 19. நான் கணக்கு எழுதுற ஒரு துணிக்காரருக்கு அந்த வாரம் அங்கிருந்து மெயில் வந்துச்சு, கப்பல்ல போயிட்டிருக்கிற சரக்குக்கு 15 சதவீதம் தள்ளுபடி வேணும்னு. ஆகஸ்ட் 27-க்கு முன்ன கப்பல்ல ஏத்தி செப்டம்பர் 17-க்குள்ள அங்க இறங்கின சரக்குக்கு ரெண்டாவது 25 கிடையாதுன்னு ஆணையிலயே இருந்துச்சு. நாங்க ஏத்தின தேதி போட்ட பில் ஆஃப் லேடிங்கை, அதாவது கப்பல்காரன் குடுக்கிற சரக்கு ரசீதை, அனுப்பி சண்டை போட்டு பாதி தள்ளுபடியோட நிறுத்தினோம். அடுத்த ஆர்டர் வரவே இல்ல. தறி ஓட்டுற பத்து பேருல நாலு பேரை வாரத்துல மூணு நாள் மட்டும் வரச் சொல்லிட்டார், அவர் மேலயும் தப்பு சொல்ல முடியல.

வெள்ளி விலை ஏறுனதுக்கும் வாஷிங்டனுக்கும் என்ன சார் சம்பந்தம்? சோலார் பேனல்தான் காரணம்னு சொல்றாங்களே?

சோலாரும் காரணம்தான், அது மட்டும் இல்ல. வெள்ளிக்கு உலக விலை டாலர்ல, அவுன்ஸ் கணக்குல வைக்கிறாங்க, ஒரு அவுன்ஸ்னா 31.1 கிராம். இங்க வரும்போது ரூபாய் மதிப்பு சேருது, இறக்குமதி வரி சேருது. 2025 டிசம்பர்ல டாலர் 90 ரூபாயைத் தாண்டிடுச்சு, வெள்ளி டாலர்ல அசையலைன்னாலும் அதுவே நமக்கு ஏத்தம். 2025 ஆரம்பத்துல வெள்ளிக்கும் அமெரிக்கா வரி போடும்னு ஒரு பயம் கிளம்பி, லண்டன்ல இருந்த வெள்ளிய நியூயார்க்குக்கு அள்ளிட்டுப் போனாங்க. அக்டோபர்ல லண்டன்லயே சரக்கு தட்டுப்பாடு. நவம்பர்ல அமெரிக்கா வெள்ளிய முக்கியக் கனிமப் பட்டியல்ல சேர்த்துச்சு. வருஷ ஆரம்பத்துல கிலோ 90,000 சுமாருக்கு இருந்தது டிசம்பர்ல 2 லட்சத்தைத் தாண்டிடுச்சு.

தங்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2022-ல உக்ரைன் போர் வந்ததும் ரஷ்யாவோட சேமிப்புல சுமார் 30,000 கோடி டாலரை அமெரிக்காவும் ஐரோப்பாவும் சேர்ந்து முடக்குச்சு. நாளைக்கு நமக்கும் இதே கதி வரலாம்னு பல நாட்டு மத்திய வங்கிங்க தங்கத்தை வாங்கிக் குவிக்க ஆரம்பிச்சாங்க. தங்கம் ஏறினா வெள்ளியும் பின்னாடியே ஓடும்.

பட்டறைல இது எப்படி இறங்குதுன்னு நான் கண்ணால பார்த்தது. எனக்குத் தெரிஞ்ச பட்டறைல வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் கொலுசுக்கு கண்ணி கோத்து பத்த வைக்கிற பெண்களுக்கு கூலி எடைக்குத்தான். விலை ஏறினதும் கடைக்காரங்க 80 கிராம் கொலுசுக்கு பதிலா 40 கிராம் கேட்கிறாங்க. கண்ணி மெலிசாகுது, எண்ணிக்கை குறையறதில்ல, அதே சலங்கை, அதே பொடி, அதே ஊதுகுழல், கண்ணுக்கு இன்னும் வலி. எடை பாதியானதால கூலியும் பாதி. "வெள்ளி விலை ஏறுச்சுன்னா எங்களுக்கு ஏறும்னு நினைச்சேண்ணா"ன்னு ஒரு தங்கச்சி கேட்டுச்சு, அன்னைக்கு எனக்கு சாப்பாடு இறங்கல. எடைக்கூலிய மாத்தி கண்ணிக்கூலி ஆக்கணும், இது பட்டறைக்காரங்க உக்காந்து முடிவு பண்ண வேண்டியது, வாஷிங்டன் வரைக்கும் போக வேண்டாம்.

ஏற்காட்டு காபி அமெரிக்காவுக்கே போறதில்ல, அப்புறம் அவங்க வரி நம்மள எப்படி பாதிக்கும்?

நம்ம நாட்டு காபி அதிகமா போறது இத்தாலி, ஜெர்மனி, பெல்ஜியம், ரஷ்யா பக்கம்தான், சரி. ஆனா நம்ம மலைல விளையற அராபிகா வகைக் காபிக்கு உலக விலை நியூயார்க் சந்தைலதான் உருவாகுது. நாகலூர்ல வியாபாரி மூட்டைய பிரிச்சு பார்ச்மெண்டை, அதாவது பழத்தோல் நீக்கி காய வச்ச கொட்டைய, உள்ளங்கைல தேய்ச்சுப் பார்த்துட்டு ஒரு விலை சொல்றார் பாருங்க, அதுக்கு முன்ன போனை எடுத்துப் பார்ப்பார், அது நியூயார்க் விலை.

இந்தக் கதை பழசு, கொஞ்சம் விவரமா சொல்றேன், ஏன்னா எங்க வீட்டுல நடந்தது. சேர்வராயன் மலைக்கு காபி 1820-கள்ல சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்துல வந்துச்சு. 1962-ல சர்வதேச காபி ஒப்பந்தம்னு ஒண்ணு போட்டாங்க, எந்த நாடு எவ்வளவு விக்கலாம்னு கோட்டா வச்சு விலை விழாம தாங்குறதுக்கு. காபி குடிக்கிற நாடான அமெரிக்கா ஏன் விலை ஏற ஒத்துக்கிச்சு? கியூபா புரட்சிக்கு அப்புறம், லத்தீன் அமெரிக்காவுல காபி விலை விழுந்தா விவசாயி கம்யூனிஸ்ட் பக்கம் போயிருவான்னு பயம். 1989-ல சோவியத் பயம் தணிஞ்சுது, அமெரிக்காவுக்கு ஆர்வம் போச்சு, ஜூலைல கோட்டா உடைஞ்சுது, கொஞ்ச மாசத்துல உலக விலை கிட்டத்தட்ட பாதி. காபியையே நம்பியிருந்த ருவாண்டா மாதிரி நாடுகளுக்கு இடுப்பே ஒடிஞ்சுது.

நமக்கு உடனே தெரியல, ஏன்னா அப்ப காபி வாரியம் எல்லார் காபியையும் மொத்தமா வாங்கி வித்துட்டிருந்துச்சு, ஏத்துமதியானதுல ஒரு பெரிய பங்கு சோவியத்துக்கு ரூபாய்ல போச்சு. 1991-ல சோவியத்தே இல்ல. அப்புறம் வாரியமும் படிப்படியா பிடிய விட்டு 1996-க்குள்ள எல்லாரும் அவங்கவங்க வித்துக்கலாம்னு ஆயிடுச்சு. எங்கப்பா 1986-ல கடன் வாங்கி அரை ஏக்கர் புதுசா நட்டவரு. செடி பலனுக்கு வந்தப்ப சந்தை வேற உலகம். பழத்தைப் பறிக்கிற கூலிக்குக்கூட கட்டாம ரெண்டு வருஷம் செடியிலயே விட்டார்னு அம்மா சொல்வாங்க. அமெரிக்கா அந்த ஒப்பந்தத்தை நடத்துற சர்வதேச காபி அமைப்புல இருந்து 1993-ல வெளிய போச்சு, 2005-ல வந்துச்சு, 2018-ல மறுபடி வெளிய போச்சு. காபிச் செடி நட்டா காசு பார்க்க மூணு நாலு வருஷம் ஆகும், அவங்க ஆட்சி நாலு வருஷம். அவங்க வலது பக்கம் போனாலும் இடது பக்கம் போனாலும் பிழைச்சுக்கலாம்ங்க, திரும்பித் திரும்பி போறதுதான் செடி நடுறவனைக் கொல்லுது. மத்த கேள்விக்கெல்லாம் என் பதிலுக்கு அடியில இருக்கறது இதுதான்.

2025 நவம்பர்ல காபிக்கு அமெரிக்கா வரிய எடுத்துட்டாங்களே, இப்ப நிம்மதிதானே?

எடுத்தாங்க. ஆகஸ்ட்ல காபில முதலிடத்துல இருக்கிற பிரேசிலுக்கு 50 சதவீதம் போட்டாங்க, அதுக்கு அவங்களே சொன்ன காரணம் அந்த நாட்டு முன்னாள் ஜனாதிபதி போல்சனாரோ மேல நடந்த வழக்கு, காபிக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. ஜூலைல பவுண்டுக்கு 3 டாலருக்குக் கீழ இருந்த அராபிகா செப்டம்பர்ல 4 டாலரைத் தாண்டுச்சு. அங்க கடைல காபி விலை ஏறி மக்கள் கத்தினதும் நவம்பர் 14-ல காபி, டீ, வாழைப்பழத்துக்கெல்லாம் விலக்கு, 20-ல பிரேசில் காபிக்கும் விலக்கு.

விலை ஏறினப்ப நமக்கு லாபம்தானேன்னு கேட்கறீங்க. ஆகஸ்ட், செப்டம்பர்ல நம்ம செடில பச்சைக் காய்தான் இருக்கும், பறிப்பு முழுசா நடக்குறது மார்கழி, தைலதான். ஏறின விலைய பார்த்து மருந்தடிச்சவங்க, ஆள் பேசி முன்பணம் குடுத்தவங்க, இறங்கின விலைக்கு விக்கணும். மேல சொன்ன அப்பா கதைதான், நாலு வருஷத்துக்கு பதிலா நாலு மாசத்துல நடக்குது.

ரஷ்யாகிட்ட எண்ணெய் வாங்குறது நம்ம இஷ்டம், இவங்க யாரு கேட்க?

சட்டப்படி நம்ம இஷ்டம்தான். ஆனா இதுல நடந்த திருப்பத்தைப் பாருங்க. 2022-க்கு முன்ன நம்ம எண்ணெய்ல ரஷ்யா பங்கு 2 சதவீதம் மாதிரி, அப்புறம் மூணுல ஒரு பங்குக்கும் மேல போச்சு. அப்ப அமெரிக்கா அதைத் தடுக்கல. 2022 டிசம்பர்ல பேரலுக்கு 60 டாலர்னு உச்சவரம்பு போட்டதே, எண்ணெய் சந்தைக்கு வரட்டும், ரஷ்யாவுக்கு லாபம் குறையட்டும்னுதான். அதே வேலைக்கு 2025-ல 25 சதவீதம் தண்டனை. அக்டோபர்ல ராஸ்நெஃப்ட், லூக்காயில்ங்கிற ரெண்டு ரஷ்ய எண்ணெய்க் கம்பெனி மேலயும் தடை.

தடைன்னா நேரா நம்மள அடிக்கிறது இல்ல. அந்தக் கம்பெனிகூட வியாபாரம் பண்ற வங்கி, கப்பல், இன்சூரன்ஸ் எல்லாத்தையும் டாலர் உலகத்துல இருந்து தள்ளி வைப்போம்னு மிரட்டறது. எந்த வங்கியும் அந்த ரிஸ்க் எடுக்காது. ஈரான்கிட்டயும் இப்படித்தான், 2018-ல அணு ஒப்பந்தத்துல இருந்து வெளிய வந்தாங்க, 2019 மே மாசம் நாம ஈரான் எண்ணெய் வாங்கறதையே நிறுத்திட்டோம்.

கையெழுத்து போட்ட ஒப்பந்தத்துல இருந்து எப்படிங்க எழுந்து போயிடறாங்க? நம்ம பத்திரம்னா கோர்ட்டுக்கு போகலாமே?

நல்ல கேள்வி. அவங்க அரசியல் சட்டப்படி முழு உடன்படிக்கைன்னா அவங்க மேல்சபையான செனட்ல மூணுல ரெண்டு பங்கு, அதாவது எல்லாரும் ஓட்டு போட்டா 100-ல 67 வேணும். ரெண்டு கட்சியும் பாதிப் பாதியா இருக்கிற சபைல அது கிடைக்கிறது கஷ்டம். அதனால ஜனாதிபதிங்க தன் அதிகாரத்துலயே கையெழுத்து போடறாங்க, அடுத்தவர் வந்து தன் அதிகாரத்துலயே அழிக்கிறார். ஈரான் ஒப்பந்தமும் அப்படித்தான், பாரிஸ் பருவநிலை ஒப்பந்தமும் அப்படித்தான். பாரிஸ்ல 2016-ல சேர்ந்து, 2020 நவம்பர்ல விலகி, 2021 பிப்ரவரில சேர்ந்து, 2025 ஜனவரில மறுபடி விலகறோம்னு ஆணை. நம்ம ஊர் பாஷைல சொன்னா அது கிரயப் பத்திரம் இல்ல, வெள்ளைப் பேப்பர்ல எழுதிக் குடுத்தது.

மத்த நாட்டுக்கு குடுத்த உதவிய அமெரிக்கா நிறுத்தினது அவங்க காசு, அவங்க இஷ்டம். அதுல என்ன தப்பு?

நிறுத்தற உரிமை இருக்குங்க, மறுக்கல. நிறுத்தின விதத்தைத்தான் என்னால ஏத்துக்க முடியல. 2025 ஜனவரில ஒரே வாரத்துல உலகம் பூரா வேலைய நிறுத்துன்னு ஆணை போச்சு, ஜூலை 1-ல அவங்க வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் தனி அமைப்பாவே இல்ல. எச்ஐவி மாத்திரைய ஒரு நாள் விடாம சாப்பிடணும், கிளினிக் கதவை சாத்திட்டா நோயாளி எங்க போவான்? ஆப்பிரிக்காவுல அந்த மாத்திரைத் திட்டத்தை 2003-ல ஆரம்பிச்சதே அமெரிக்காதான், ஜார்ஜ் புஷ் காலத்துல.

நமக்கும் இது அந்நியம் இல்ல. 1995-ல அதே யுஎஸ்எய்ட் பணத்துலதான் தமிழ்நாட்டுல எய்ட்ஸ் தடுப்புத் திட்டம் ஒண்ணு வந்துச்சு, லாரி டிரைவருங்ககிட்டயெல்லாம் போய் பேசினாங்க. சங்ககிரி மாதிரி வீட்டுக்கு வீடு லாரி இருக்கிற ஊருல வளர்ந்தவங்களுக்கு அது எவ்வளவு பெரிய வேலைன்னு தெரியும். அந்தப் பேச்சு பாதில நின்னிருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

என் பொண்ணு அங்க எம்எஸ் படிக்குது தம்பி, அங்க வேலைக்கான ஹெச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர்னு சொல்றாங்களே, அவ்வளவுதானா?

பதறாதீங்கக்கா. 2025 செப்டம்பர் 19-ல போட்ட ஆணை அது, 21-ல இருந்து புதுசா போடற மனுவுக்கு. முதல் நாள் யாருக்கும் புரியாம, லீவுல ஊருக்கு வந்தவங்க எல்லாம் ஏர்போர்ட்டுக்கு ஓடினாங்க, ஏற்கனவே விசா இருக்கிறவங்களுக்கு இல்லைன்னு மறுநாள்தான் சொன்னாங்க. அக்டோபர் 20-ல வந்த விளக்கத்துல, அங்கயே மாணவர் விசால இருந்து ஹெச்-1பிக்கு மாறுறவங்களுக்கும் அந்தக் கட்டணம் இல்லைன்னு சொல்லியிருக்காங்க. பொண்ணை அந்த மாத்தம் முடியிற வரை ஊருக்கு வராம இருக்கச் சொல்லி, காலேஜ்ல இருக்கிற வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துல கேட்டுட்டு நகரச் சொல்லுங்க. கடன்ல தவணை எப்ப ஆரம்பிக்குதுன்னும் பேங்க்ல இப்பவே கேட்டு வச்சுக்கோங்க.

டாலரை விட்டுட்டு ரூபாய்லயே வியாபாரம் பண்ணிட்டா தொல்லை விட்டுச்சுல்ல?

பண்ணிப் பார்த்தோமே, மேல காபி பதில்ல சொன்ன சோவியத் வியாபாரம் ரூபாய்லதான் நடந்துச்சு. கஷ்டம் எங்கன்னா, ரூபாய வாங்கினவன் அதை வச்சு நம்மகிட்ட ஏதாவது வாங்கணும். 2023 மே மாசம் கோவாவுல ரஷ்ய வெளியுறவு மந்திரி லாவ்ரோவ் இதத்தான் சொன்னார், கோடிக்கணக்கா ரூபாய் இந்திய வங்கில கிடக்கு, செலவு பண்ண வழி இல்லைன்னு. நாம விக்கிறதுக்கு நிறைய சரக்கு இருந்தாத்தான் நம்ம காசுக்கு வெளிய மதிப்பு.

அமெரிக்கா ஒதுங்கினா நல்லதுதானே மாமா? 1971 வங்கதேசப் போர்ல நமக்கு எதிரா போர்க்கப்பல் அனுப்பினவங்கதானே?

அனுப்பினாங்க, எண்டர்பிரைஸ் கப்பல் வங்காள விரிகுடாவுக்கு வந்துச்சு. அப்ப அவங்களுக்கு சீனாவோட உறவு வேணும், அதுக்கு பாகிஸ்தான் வழியா ஜனாதிபதி நிக்சனோட ஆலோசகர் கிஸ்ஸிஞ்சர் ரகசியமா போயிட்டு வந்தார், வங்காளத்துல செத்த உயிருங்க கண்ணுக்குத் தெரியல. 1998-ல நாம அணுகுண்டு சோதிச்சதுக்கு தடை போட்டவங்களே பத்து வருஷத்துல, 2008-ல, நம்மகூட அணுசக்தி ஒப்பந்தம் போட்டாங்க. கோவம் நியாயம்தான் மாப்ள, ஆனா அவங்க ஒதுங்கின இடம் காலியா இருக்காது, முதல் கேள்விலயே காந்தக் கதை சொன்னேனே. யாராவது ஒருத்தரை மட்டும் நம்பி இருக்கறதுதான் ஆபத்து, அது வாஷிங்டனா இருந்தா என்ன, பெய்ஜிங்கா இருந்தா என்ன.

சரி, நாங்க இப்ப என்னதான் பண்றது?

துணிக்காரங்க, ஆர்டர் எழுதும்போதே வரி மாறினா யார் எவ்வளவு தாங்கறதுன்னு ஒரு வரி போட்டுடுங்க, ஏத்தின தேதி காயிதத்தை பத்திரமா வைங்க, வாங்கினவர் காசு தராம போனா காப்பாத்த ஈசிஜிசி காப்பீடு எடுங்க. ஒரே ஆளுக்கு பாதி சரக்குக்கு மேல போகாம பாருங்க. பட்டறைக்காரங்க, ஆர்டர் வாங்கின அன்னைக்கே வெள்ளிய வாங்கிடுங்க, விலை இறங்கட்டும்னு காத்திருந்து ரெண்டு பேர் இந்த வருஷம் வீட்டை அடகு வச்சதை நான் கணக்குல பார்த்தேன்.

தோட்டத்துக்காரங்க காபியப் பிடுங்கிட்டு வேற வைக்கலாமான்னு கேட்கறீங்க. நாங்க பிடுங்கல. சில்வர் ஓக்ல மிளகை ஏத்தியிருக்கோம், அது ஒரு வருஷம் காபி கைவிட்டா தாங்கும். பழுத்த பழத்துல கொஞ்சத்தை மட்டும் தனியா காய வச்சு வறுத்து சேலத்துலயே ரெண்டு கடைக்கு குடுக்கிறோம், அந்த விலைய நியூயார்க் தொடறதில்ல. 2026 ஜூன் மழைக்கு, தண்டு துளைப்பான் புழு தின்ன இடத்துல 300 சந்திரகிரி ரகக் காபிக் கன்னு வைக்கப் போறோம். குழி எடுக்க ஆள் சொல்லியாச்சு. முதல் பறிப்பு 2029 கடைசில வரும். அந்த வருஷம் ஜனவரி 20-ல அங்க வேற ஜனாதிபதி பதவி ஏத்திருப்பார்.